மேல்பிடி, கீழ்ப்பிடி

அன்பு மகளுக்கு அப்பா சொல்ல, உன் தம்பி பெண்டாட்டி எழுதுகிறது. இங்கே நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் குறை சொல்லிக்கொண்டு இருக்கிறோம், அதனால் சுகம்தான் என்று வைத்துக்கொள். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். நீ போனில் அழுதுகொண்டே கேட்டதற்குக் கடிதத்தில் பதில் போடுகிறேன் என்று சொல்ல வந்தேன். அதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள், அவளுக்குத்தான் இப்போது காது சரியாகக் கேட்பதில்லையே, நீ அழுததைச் சிரிப்பு என்று நினைத்து அவளும் கூடச் சிரித்துவிட்டாள், அதை மனசில் வைத்துக்கொள்ளாதே. பையன் பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கி, காலேஜில் இடமும் கிடைத்த பிறகு, ஒரு வருஷம் மட்டும் என்று சொல்லிவிட்டு வீடு மாற்றிக் கொடுக்கிற கம்பெனிக்குப் பீரோ தூக்கப் போய்விட்டான் என்றாய். அவனோடு பேச்சை நிறுத்திவிட்டேன், சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறேன் என்றாய். நீங்க கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவரு, வேலைன்னா என்ன, ஜெயிக்கிறதுன்னா என்னன்னு நாலு வார்த்தை எழுதிப் போடுங்கப்பா, நீங்க சொன்னா கேப்பான் என்றாய். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்து இன்னொன்றும் சொன்னார். பள்ளிக்கூடத்துக் கடைசி நாள் விழாவில் யாரோ ஒரு பெரிய மனிதர் வந்து, கடுமையாக உழைக்கிறவன் மேலே வந்தே தீருவான் என்று ஒரு மணி நேரம் பேசினாராம், எல்லாப் பிள்ளைகளும் கேட்டுவிட்டுக் காலேஜுக்குப் போனார்கள், இவன் ஒருத்தன்தான் நம்பி உழைக்கப் போய்விட்டான் மாமா என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உனக்குக் கோபம் வந்திருக்கும்.

அந்த நாலு வார்த்தையைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் ஒரு வருஷத்தைச் சொல்லாமல் அது வராது. ஆற்றுப் பாலத்தைத் திறந்த அன்றைக்கே அதன் நடுவில் முதல் லாரி அச்சு முறிந்து நின்று, திறந்துவைக்க வந்த பெரிய மனிதர்கள் எல்லாம் மழையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போனார்களே, அந்த வருஷம். புயலில் சினிமாக் கொட்டகையின் கூரை பறந்து போய், சனங்கள் மீதிப் படத்தைக் குடை பிடித்துக்கொண்டு பார்த்ததும் அந்த வருஷம்தான். உன் பெரிய அத்தைக்கு இரட்டைப் பிள்ளை பிறந்து, ஒரு பிள்ளைக்கே இரண்டு தரம் பால் கொடுத்துவிட்டு மற்றது ஏன் இப்படி அழுகிறது என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்ததும் அப்போதுதான். அந்த வருஷத்தில்தான் ஊரில் மாடிக்கு மேல் மாடி எடுக்க ஆரம்பித்தார்கள். வீட்டை உயரமாகக் கட்டினார்களே ஒழிய, படியை மட்டும் ஒரு ஆள் தோளை ஒடுக்கிக்கொண்டு ஏறுகிற அகலத்துக்கு வைத்தார்கள், லிஃப்ட் என்ற பேச்சே கிடையாது. உள்ளே வைத்துக் கட்டினார்களோ என்னவோ என்று நினைக்கிற மாதிரி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பீரோ. அதனால் வீடு மாற்றிக் கொடுக்கிற வேலை என்று ஒன்று புதிதாக உண்டானது. எனக்கு அப்போது நம் பையன் வயசு. பள்ளிக்கூடத்தின் வெளிச்சுவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன், அதுவும் சாய்ந்து நிற்கிறதற்கு.

அந்த லாரியில் மொத்தம் அஞ்சு பேர். மேஸ்திரி ஒருத்தர், அவர் வாய் திறந்தால் வசவுதான், ஆனால் யாருக்கும் அது வலிக்காது. டிரைவர் ஒருத்தர். கண்ணாடிச் சாமான், பீங்கான், விளக்கு இதையெல்லாம் வைக்கோலும் துணியும் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிறதற்கு ஒரு அம்மா, அவளைக் கண்ணாடிக்காரி என்றுதான் கூப்பிடுவோம். அப்புறம் நான், என்னைக் குட்டை என்றார்கள், உன் அம்மா கோபம் வந்தால் இன்றைக்கும் அந்தப் பெயரைத்தான் எடுக்கிறாள். அஞ்சாவது ஆள் ஏணி. கதவு நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டே வளர்ந்தவன் என்று அவனே சொல்வான். உனக்கு அவனை ஞாபகம் இருக்கும், நீ சின்னதாக இருந்தபோது நம் வீட்டு உத்தரத்துப் பல்பை ஸ்டூல் இல்லாமல் மாற்றிக் கொடுப்பானே, அவன்தான். எங்கள் அஞ்சு பேரில் அவன் ஒருத்தன்தான் பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை எழுதினவன். ரிசல்ட் வர்ற வரைக்கும் வீட்ல சும்மா உக்கார முடியல, அதான் வந்தேன் என்று மேஸ்திரியிடம் சொன்னான். அவர், ரிசல்ட் வர்றதுக்குள்ள உன் இடுப்பு போயிடும்டா என்றார்.

இனி நான் சொல்லப்போவதை நீ கொஞ்சம் கவனமாகக் கேள், ஏனென்றால் உன் அப்பா ஆயுசு முழுக்க என்ன வேலை செய்தான் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பீரோவை மாடியிலிருந்து இறக்க இரண்டு ஆள். படியில் இறங்கும்போது ஒருத்தன் மேலே, அதற்கு மேல்பிடி என்று பெயர். ஒருத்தன் கீழே, அது கீழ்ப்பிடி. பாரம் முழுக்கக் கீழ்ப்பிடிக்காரன் கையில்தான் வந்து உட்காரும். மேல்பிடிக்காரன் அது சரிந்து ஓடாமல் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். கீழ்ப்பிடிக்காரன் பின்பக்கமாகவே நடந்து இறங்க வேண்டும், முகம் பீரோக் கதவில் ஒட்டிக்கொண்டிருக்கும், படியும் தெரியாது, சுவரும் தெரியாது. மேலே இருக்கிறவன் எட்டிப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். படி, இன்னொரு படி, இடது தோள் சுவர், திருப்பம், நில்லு, மூச்சு வாங்கு, படி. அந்தக் குரலை நம்பித்தான் அவன் காலை வைப்பான். பீரோ சாயாமல் இறங்க வேண்டும் என்பதால் உயரமானவன் கீழே, குட்டையானவன் மேலே. இதை யாரும் யோசித்து வைத்ததில்லை, எல்லா ஊரிலும் அப்படித்தான். முதல் நாள் மேஸ்திரி எங்கள் இரண்டு பேரையும் சுவரோரம் நிற்கவைத்து ஏற இறங்கப் பார்த்துவிட்டு, டேய் நெட்டை நீ கீழ, டேய் குட்டை நீ மேல என்றார். என் தலையெழுத்து அந்த நிமிஷத்தில் எழுதியாகிவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை.

ரிசல்ட் வந்தது. ஏணி பாஸ், நல்ல மார்க். டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே லாரியை ஓட்டித் தெருவைச் சுற்றி வந்தார். கண்ணாடிக்காரி அவன் தலையில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டு, போடா ராசா, இனிமே உன்ன இந்தப் பக்கம் பாத்தேன்னா கால ஒடிச்சிடுவேன் என்றாள். அடுத்த நாள் காலையில் எங்களுக்கு முன்னால் வந்து லாரியில் உட்கார்ந்திருந்தான். என்னடா என்றால், அடுத்த வருஷம் சேந்துக்கறேன், படிப்பு எங்க ஓடிடப் போகுது என்றான். அவன் வீட்டில் அப்படி ஒன்றும் கஷ்டம் இல்லை. அவன் அப்பா வந்து கெஞ்சினார், திட்டினார், கடைசியில் பேசுவதையே நிறுத்திவிட்டார். அவனுக்கு அந்த வேலை பிடித்துப் போயிற்று, விஷயம் அவ்வளவுதான். நீ நம்ப மாட்டாய், ஆனால் பிடிக்கக்கூடிய வேலைதான் அது. தினம் ஒரு புது வீடு. ஊரில் எவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். வேலை முடிந்து மெத்தைகளின் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு லாரியில் போகிற சுகம் எந்த முதலாளிக்கும் கிடையாது. அந்த வயசில் உடம்பு வலிப்பது கூட ஒரு பெருமை. நம் பையனுக்கும் இப்போது அதுதான் நடக்கிறது, வேறு கெட்ட புத்தி ஒன்றும் இல்லை. ஆனால் ஏணியின் அடுத்த வருஷம் என்பது ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷமாகவே இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நடுவில் ஒரு தடவை அவனுக்கு ஒரு கதவு திறந்தது. பேப்பர் குடோன் வைத்திருந்த ஒரு பெரியவர், இடுப்பெலும்பு முறிந்து மூன்றாவது மாடியில் படுத்துக் கிடந்தார். பிள்ளைகள் தரைவீடு பார்த்து மாறினார்கள். சாமானெல்லாம் ஏற்றின பிறகு, அப்பாவையும் நாற்காலியோட கீழ இறக்கிக் கார்ல உக்கார வச்சிடுங்கப்பா என்று பிள்ளைகள் சொன்னார்கள். நான் மேல்பிடி, நாற்காலியின் முதுகு என் கையில். ஏணி கீழே, நாற்காலிக் கால்கள் அவன் கையில். இறக்கினோம். கீழே வந்ததும் கை தன் வழக்கத்துக்குப் போயிற்று. காரைத் தாண்டிப் போய், லாரிப் பலகை மேல் ஏறி, பீரோவுக்கும் அலமாரிக்கும் நடுவில் பெரியவரை வைத்து, கயிறு போட்டு இறுக்கி முடிச்சும் போட்டாயிற்று. கண்ணாடிக்காரி தன் பங்குக்கு அவர் பக்கத்தில் ஒரு தலையணை சொருகி, முழங்கைக்கு வைக்கோலும் வைத்தாள். மேஸ்திரி, ரைட் போலாம் என்றார், டிரைவர் எடுத்துவிட்டார். ஒருத்தருக்கும் தோன்றவில்லை, அந்தப் பெரியவரும் வாயைத் திறக்கவில்லை. காரில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்த பிள்ளைகள் அப்பா எங்கே என்று தேடி, பாலத்தில் எங்களைத் துரத்திப் பிடித்தார்கள். மேஸ்திரி வாழ்க்கையில் முதல் தடவையாக யாரையும் திட்டாமல் நின்றார். பெரியவருக்கு முடியெல்லாம் காற்றில் சிலிர்த்துக்கொண்டு நின்றது, படுத்த நாளிலிருந்து இன்னிக்குத்தான்டா ஊரப் பாக்கறேன், கார்ல போனா உங்க மூஞ்சியத்தான் பாக்கணும், கயித்த அவுக்காதீங்க என்று பிள்ளைகளை விரட்டிவிட்டார்.

அந்தப் பெரியவர் மூன்று மாடியும் இறங்குகிற வரைக்கும் எதிரில் பார்த்துக்கொண்டு வந்தது ஏணியின் முகத்தை. வேலை நேரத்தில் அவன் முகத்தை ஒரு வீட்டுக்காரர் பார்த்தது அதுதான் முதல் தடவை. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் வேர்வை இறங்கினால் துடைக்கக் கை இல்லாமல் சிமிட்டிக்கொண்டு, அப்படியும் பெரியவரைப் பார்த்துப் பயப்படாதீங்க என்று சிரிக்கிற மாதிரி ஏதோ செய்துகொண்டு வந்திருக்கிறான். பெரியவர் சொல்லித்தான் எனக்கு அதெல்லாம் தெரியும், நான் பார்த்தது அவருடைய உச்சந்தலையை. புது வீட்டில் இறக்கினதும் அவர் இவனைக் கூப்பிட்டு, என்ன படிச்சிருக்க என்று கேட்டார். இவன் சொன்னான். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. குடோனில் எழுதுகிற வேலை தருகிறேன், சாயங்காலக் காலேஜில் சேர், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஏணி போனான். துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனான். எனக்குக் கீழ்ப்பிடிக்கு வேறு ஒருத்தன் வந்தான், அவன் என் குரலை நம்பாமல் ஒவ்வொரு படியையும் காலால் துழாவித் துழாவி இறங்குவான், ஒரு வீட்டைக் காலி பண்ணப் பொழுது சாய்ந்துவிடும். கொஞ்ச நாள்தான். ஒரு காலையில் ஏணி மறுபடியும் லாரியில் உட்கார்ந்திருந்தான். மேஸ்திரி குதித்தார். அறிவு கெட்ட நெட்டை, ஒருத்தர் உக்காரச் சொல்லி நாற்காலி போட்டுக் குடுத்தா, நீ அந்த நாற்காலியத் தூக்க வந்து நிக்கறியேடா என்றார். நானும் போடா, போய்ச் சேரு என்று தள்ளிப் பார்த்தேன். அங்க எல்லாரும் குனிஞ்சு எழுதிக்கிட்டே இருக்காங்கடா குட்டை, நாள் முழுக்க ஒரு ஆள் கூட என்கிட்ட இப்படி வை, அப்படி வைன்னு சொல்ல மாட்டேங்கறான் என்றான்.

இங்கே நிறுத்திவிட்டு வெந்நீர் குடித்துவிட்டு வந்தேன். உன் தம்பிக்கு இந்த வாரமும் ராத்திரி ஷிஃப்ட், பகலில் தூங்குகிறான், மேல்வீட்டில் சுவரைத் துளை போடுகிறார்கள், அவன் தலையணையைக் காதில் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறான். தண்ணீர் மோட்டார் மறுபடியும் போய்விட்டது. எழுதுகிறவளுக்குக் கை வலிக்கிறதாம், மாமா சீக்கிரம் விஷயத்துக்கு வாங்க என்கிறாள். வருகிறேன். எனக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது.

மேஸ்திரிக்கு இரைப்பு வந்து வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். புது மேஸ்திரி யார் என்ற பேச்சு வந்தது. படித்தவன் ஏணி, வீட்டு நம்பர் படிப்பதும் அவன், விலாசம் கேட்டு வழி சொல்வதும் அவன், என்னை விடப் பாரம் சுமந்ததும் அவன். லாரி முதலாளி என்னைத்தான் கூப்பிட்டார். வீட்டுக்காரங்க எல்லாம் அந்தக் குட்டையா, சத்தமா பேசுவாரே, அவரையே அனுப்புங்கன்னுதான் கேக்கறாங்க என்றார். யோசித்துப் பார். கீழே வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கிறவர்களுக்குப் பீரோவுக்கு மேலே என் முகம் தெரியும், என் குரல் கேட்கும். அவனுடைய முதுகும் நனைந்த சட்டையும்தான் தெரியும். பீரோ பத்திரமாகத் தரைக்கு வந்தால், எவ்வளவு பொறுப்பா இறக்கினீங்க என்று என் கையைத்தான் பிடிப்பார்கள். முதலாளி அன்றைக்கு ஏணியையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீ யாருப்பா, புது ஆளா என்று கேட்டார். ஏணி, ஆமாங்க, நேத்துதான் வந்தேன் என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். நான் மேஸ்திரி ஆனதும், உன்னைப் படிக்கவைத்ததும், உன் தம்பிக்கு வேலை வாங்கினதும், நீ எல்லாரிடமும் எங்கப்பா உழைச்சு முன்னுக்கு வந்தவர் என்று சொல்லுவதும் எல்லாம் அதிலிருந்து வந்ததுதான். நானும் உழைத்தேன், இல்லை என்று சொல்லவில்லை, என் தோளைப் பார்த்தாலே தெரியும். ஆனால் நான் முன்னுக்கு வந்தது உழைப்பால் இல்லை அம்மாடி, உயரம் குறைந்ததால். இதை ஒரு பள்ளிக்கூடத்து மேடையில் எப்படிச் சொல்வது? பிள்ளைகளே, குட்டையாகப் பிறந்துவிடுங்கள் என்றா?

ஏணியின் முட்டி போனது ஒரு விபத்தில் இல்லை. யாரும் தவறவில்லை, எதுவும் விழவில்லை. ஒரு வீட்டில் பீரோவை இறக்கி வைத்துவிட்டு, அடுத்ததற்கு மேலே ஏறினவன் நடுத் திருப்பத்தில் படியில் உட்கார்ந்தான். எழுந்திருடா என்றேன். முட்டி வரமாட்டேங்குது என்றான், யாரோ ஒரு ஆள் இன்றைக்கு வேலைக்கு வரவில்லை என்று சொல்கிற மாதிரி. தடவிப் பார்த்தோம், எண்ணெய் தேய்த்தோம், வரவில்லை. வீட்டுக்கார அம்மா சாப்பாட்டு மேசை நாற்காலியைக் கொடுத்தாள். அதில் அவனை உட்காரவைத்து இடுப்பில் கயிறு கட்டினோம். கீழ்ப்பிடிக்கு நான் போனேன். கூட இருந்தவன் என்னைவிட உயரம், குட்டை கீழ நின்னா நாற்காலி சாயும் மேஸ்திரி என்றான். சாயட்டும்டா என்றேன். அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் கீழே நின்றேன், அன்றைக்குத்தான் அவன் முகத்தை வேலையில் நேருக்கு நேர் பார்த்தேன். தூக்கின உடனே தெரிந்துவிட்டது. பாரம் கையில் இல்லை, அது நேராக இறங்கி முட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. பின்னால் தரை இருக்கிறதா இல்லையா என்று தெரியாது, எடுத்த கால் எங்கே ஊன்றும் என்றும் தெரியாது. மேல்பிடிக்காரனுக்குக் குரல் கொடுக்கிற பழக்கம் இல்லை. நாற்காலியில் இருந்த ஏணிதான் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தான். படி. இன்னொரு படி. இது தேஞ்சிருக்கு, குதிகால உள்ள தள்ளி வை. வலது முழங்கை சுவர். இரு, அவசரமில்ல, மூச்ச விடு. என்ன, பீரோவ விட கம்மியாத்தானே இருக்கேன், ஏன்டா மூஞ்சிய அப்படி வச்சிருக்க என்றான். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது, இரண்டுக்கும் மூச்சு இல்லை. அன்று சாயங்காலம் டீ கிளாஸைப் பிடிக்க எனக்கு விரல் மடங்கவில்லை. ஒரு வீட்டுப் படி, ஒரே ஒரு தடவை. அவன் அதைத்தான் தினமும் செய்துவிட்டு வந்து நம் வீட்டில் பல்பு மாற்றிக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு அவன் ஊரில் இல்லை. அவனுடைய மகள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஒன்றிரண்டு தரம் சேதி வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. எல்லாரும் ஒவ்வொருத்தராகப் போனார்கள். மேஸ்திரி கடைசியில் திட்டக்கூட மூச்சில்லாமல் கையை ஆட்டி ஆட்டித் திட்டிவிட்டுப் போனார். கண்ணாடிக்காரி போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் போனாள், பக்கத்துக் கட்டிலில் நர்ஸ் ஒரு டம்ளரைப் போட்டு உடைத்ததற்கு, இப்படியா பிடிப்பாங்க என்று அரை மணி நேரம் சத்தம் போட்டுவிட்டுத் தூங்கினவள் எழுந்திருக்கவில்லை. டிரைவர் போன மாசம். அவர் வீட்டுக்குப் போயிருந்தேன், அவரை இறக்கும்போது படியில் பையன்கள் தடுமாறினார்கள், நான் என்னை அறியாமல் திருப்பம், இடது தோள் சுவர் என்று குரல் கொடுத்துவிட்டேன், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், இனி அந்த லாரியில் போன ஆள் என்று சொல்ல நான் ஒருத்தன்தான் என்றேன். அவள் காதில் விழவில்லை, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்டாள்.

நம் பையன் போன வாரம் எனக்குப் போன் பண்ணினான், உனக்குச் சொல்லியிருக்க மாட்டான். தாத்தா, உங்க வேலைக்குத்தான் வந்திருக்கேன், அம்மாதான் பேச மாட்டேங்கறாங்க, நீங்களாவது சபாஷ்னு சொல்லுங்க என்றான். அங்கே லிஃப்ட் எல்லாம் உண்டல்லவா என்றேன். இருக்கு, பெரிய சாமான் அதுல நுழையாது தாத்தா, படிலதான் என்றான். உன்னை எங்கே நிற்கவைத்தார்கள் என்று கேட்டேன். கீழதான் தாத்தா, நான்தானே உயரம், செம கனம், ஆனா சூப்பரா இருக்கு என்றான். மாப்பிள்ளையின் உயரம் அல்லவா அவனுக்கு, வேறு எங்கே நிற்கவைப்பார்கள். மேல்பிடி யார் என்று கேட்டேன். யாரோ ஒரு அண்ணன், காதுல பாட்ட மாட்டிக்கிட்டிருப்பாரு, ஒண்ணும் பேச மாட்டாரு என்றான். தாத்தா, லைன்ல இருக்கீங்களா, இருக்கீங்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. உனக்கு, ஊர் என்ன சொல்லும், படித்த பிள்ளை கூலி வேலைக்குப் போனான் என்பார்களே என்ற கவலை. எனக்கு அது இல்லை. எனக்கு அவன் முட்டி.

அதனால் முதலில் ஒன்று செய். இன்றைக்கே அவனோடு பேசு. திட்டவேண்டுமானால் திட்டு, சாப்பாட்டை எதிரில் உட்கார்ந்து போட்டுக்கொண்டே திட்டு, ஆனால் பேசாமல் இருக்காதே. பாரத்தைத் தூக்கிக்கொண்டு கண் தெரியாமல் இறங்குகிறவனுக்குக் குரல் நின்றுபோனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஏணியின் அப்பா பேச்சை நிறுத்தின பிறகுதான் அவன் எங்களை விட்டு நகராமல் ஒட்டிக்கொண்டான், அதை நான் பார்த்தேன். இரண்டாவது, அந்தப் பாட்டுக் கேட்கிற ஆளோடு போகக்கூடாது, குரல் கொடுக்கிற ஆளைக் கேட்டு வாங்கு, இல்லாவிட்டால் அந்த நிமிஷமே பீரோவை வைத்துவிட்டு வந்துவிடு என்று நான் சொன்னதாகச் சொல். இது அறிவுரை இல்லை, வேலைக்கு வேண்டியது. நீ கேட்ட நாலு வார்த்தை என்னிடம் இல்லை அம்மாடி. காலேஜுக்குப் போ என்று நான் சொல்லலாம், அவனும் எனக்காகப் போவான். ஆனால் நான் ஆயுசு முழுக்க மேலே நின்று படி சொன்ன ஆள். கீழே இருக்கிறவனுக்கு அது எப்படி இருந்தது, போகாமல் விட்ட காலேஜ் எப்படி இருந்தது என்று நான் சொன்னால் அது சாமான் ஏற்றாத லாரி மாதிரி சும்மா சத்தம்தான் போடும். அதைச் சொல்லத் தகுந்த வாய் ஒன்றுதான் உண்டு, அது போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று டிரைவரின் மகன் வந்தான். அப்பா போனதுக்குத் துக்கம் விசாரிச்சு ஒருத்தர் போன் பண்ணினாரு, அந்தக் குட்டை எப்படி இருக்கான், இன்னும் கத்துறானான்னு கேட்டாரு என்றான். எங்கிருந்து என்றேன். உன் ஊர்ப் பெயரைச் சொன்னான், விலாசமும் கொடுத்தான். அதை உன் தம்பி பெண்டாட்டி இந்தக் கடிதத்தோடு தனியாக எழுதி வைத்திருக்கிறாள். தரைவீடுதானாம், படி ஒன்றுகூட இல்லையாம்.

நீ நின்றுகொண்டே சாப்பிடுகிறாய் என்று உன் சின்னவள் போனில் சொன்னாள், உட்கார்ந்து சாப்பிடு. மாப்பிள்ளை மாத்திரையை விடக்கூடாது. சின்னவளுக்கு அவள் பாட்டி ஒரு முத்தம் கொடுக்கச் சொன்னாள், கொடுத்துவிடு. உங்கள் எல்லாருக்கும் ஆயுசும் கைகால் சுகமும் குறைவில்லாமல் கிடைக்கட்டும், பையனுக்கு முட்டியும் முதுகும் கடைசி வரைக்கும் சொன்னபடி கேட்கட்டும், அதுவே என் ஆசீர்வாதம், அதற்கு மேல் எது வந்தாலும் அது அவன் பாக்கியம். ஒன்றை மட்டும் மறக்காதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்கச் சொல்லி அவனை அந்த விலாசத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. பையன் யார் என்று நீ விளக்கவேண்டாம், அவனை வாசலில் நிற்கவைத்தால் போதும், அவன் உயரத்தைப் பார்த்ததும் உள்ளே இருக்கிறவனுக்கு எல்லாம் விளங்கிவிடும். இரண்டு பேரையும் பேசவிட்டு நீ தள்ளி உட்கார். போய்ப் படிடா என்று அவன் சொன்னால் பையன் போகட்டும். இருடா என்று சொன்னால் நீயும் வாய் திறக்காதே, நானும் திறக்கமாட்டேன். அன்றைக்கு அந்த லாரியில் ஏறினவர்களில் என்னை விட்டால் இன்னும் உயிரோடு இருக்கிறவன் அவன் ஒருத்தன்தான். வாசலில் நின்று, குட்டை அனுப்பினான் என்று சொல்லி, ஏணி என்று கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா